அலை தள்ள ஓடும் மிதவைகள்: கடல் சொல்லும் சேதி எங்கள் கரைக்கு வருகிறதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூசேன்வில் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். டி ரெயினுக்குக் காத்து நின்றபோது அண்ணையிடம் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முல்லைத்தீவுக் கடற்கரை. ஈர மணலில் பெரிய சோற்றுப்பானை அளவில் ஓர் உருண்டைச் சாமான் கிடக்கிறது. மேலே சோலார் தகடுகள், பக்கத்தில் எழுத்தும் இலக்கமும். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி பிடித்துப்போய்க் கிடந்தது. படத்துக்குப் பின்னால் ஒரு குரல்பதிவு.

“தம்பி, உது என்ன சாமான் எண்டு பிள்ளையிட்டக் கேட்டுச் சொல்லு. இஞ்ச ஒருத்தரும் கிட்டப் போகினமில்லை. நேவிக்காரன்ர எண்டு சிலபேர், சீனாக்காரன் விட்ட உளவுச் சாமான் எண்டு சிலபேர். தொட்டால் பிறகு விசாரணை, அலைச்சல். தொடாமல் விட்டால் அந்தச் சோலார் வீணாப் போகும்.”

அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது. இன்னமும் தொழிலுக்குப் போகிறார். கடலில் இருந்து வரும் எதையும் முதலில் சந்தேகத்தோடு பார்க்க அவருக்குக் காரணம் இருக்கிறது. அதைப் பற்றி இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

லாச்சப்பலில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மகளிடம் படத்தைக் காட்டினேன். அவள் பொறியியல் படிக்கிறாள். போன வருடம் பிரெஸ்ற் நகரத்தில் கடல் சம்பந்தமாக இரண்டு மாதம் ஸ்ராஜ் செய்துவிட்டு வந்தவள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, இது உளவு இல்லை. சூரை பிடிக்கிற பெரிய கப்பல்காரர் விடுற மிதவை.”

விசயம் இதுதான். இந்து சமுத்திரத்தில் ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுப் பெருங்கப்பல்கள் சூரை பிடிக்கின்றன. மிதக்கிற எதற்கும் கீழே மீன் கூடும் என்பது எங்கள் ஆட்களுக்கும் தெரிந்த பழைய சங்கதி. அந்தக் கப்பல்கள் மிதப்புத் தெப்பங்களைக் கடலில் விட்டு, ஒவ்வொன்றிலும் இப்படியொரு மிதவையைக் கட்டிவிடுகின்றன. தெப்பம் எங்கே நிற்கிறது, கீழே எவ்வளவு மீன் சேர்ந்திருக்கிறது என்று அது செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்குச் சொல்லும். ஒரு கப்பல் ஒரே நேரத்தில் இப்படி 300 மிதவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2019-இல் வரம்பு போட்டது. ஒரு கப்பலுக்கு 300. அப்போதைய வரம்பே அவ்வளவு. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனவை மாலைதீவில், சீஷெல்ஸில், எங்கள் கரைகளில் வந்து ஒதுங்குகின்றன.

அண்ணை விடிய எழும்பி வெளிக்கிடும்போது மீன் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த மிதவையை விட்டவனுக்கு எங்கேயோ ஒரு கணினித் திரையில் தெரிந்திருக்கிறது. இது என் மனதில் முள்ளாய்த் தைத்தது. மகள் அதைக் கவனித்திருக்க வேண்டும். “எல்லா மிதவையும் இப்படி இல்லை அப்பா, இங்க பாருங்கோ” என்று கணினியைத் திருப்பினாள்.

அவள் காட்டியது ‘வேவ் கிளைடர்’ என்ற றோபோ மிதவை. தமிழில் ‘அலைச்சறுக்கி’ என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பார்ப்பதற்கு அலையில் சறுக்கி விளையாடுகிற பலகை மாதிரி இருக்கிறது. மேலே சோலார் தகடு, அன்ரெனா. பலகைக்குக் கீழே சில மீற்றர் நீளமான ஒரு கேபிள். அதன் நுனியில் இரண்டு பக்கமும் செட்டைகள் வைத்த ஒரு சட்டகம் தண்ணீருக்குள் தொங்குகிறது. என்ஜின் இல்லை, எண்ணெய் இல்லை. அலை மேலே தூக்கும்போது பலகை எழும்பும், கீழே இருக்கிற சட்டகத்தையும் இழுக்கும். அப்போது செட்டைகள் சாய்ந்து தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். அலை இறங்கும்போது சட்டகம் தன் பாரத்தில் தாழும், செட்டைகள் மறுபக்கம் சாயும், திரும்பவும் தண்ணீர் பின்னுக்குப் போகும். ஏறினாலும் இறங்கினாலும் மிதவை முன்னுக்குத்தான் போகும். மேற்பரப்பில்தான் ஆட்டம் அதிகம், சில மீற்றர் கீழே போனால் குறைந்துவிடும். அந்த வித்தியாசத்தில்தான் இது ஓடுகிறது. வேகம் ஒன்று, இரண்டு கடல்மைல். மனிதன் ஆறுதலாக நடக்கிற வேகம். சோலார் மின்சாரம் கருவிகளுக்கும், சுக்கானுக்கும், செயற்கைக்கோளோடு பேசுவதற்கும்.

வள்ளத்தில் போன எவருக்கும் இது உடனே விளங்கும். அலை தூக்கித் தூக்கிப் போடும்போது வயிற்றைப் பிரட்டுகிற அந்தச் சக்தி, இதற்குச் சம்பளம் இல்லாத என்ஜின்.

இது பிறந்த கதையும் வடிவானது. 2000-களின் முற்பகுதியில் ஹவாயில் ஜோ ரிஸி என்பவருக்குக் கரையில் இருந்தபடி திமிங்கிலங்களின் பாட்டைக் கேட்க ஆசை வந்தது. நங்கூரம் போடாமல் ஒரே இடத்தில் நிற்கிற மிதவை வேண்டும். அதைத் தேடி ரோஜர் ஹைன் என்ற பொறியியலாளரிடம் போக, அவர் செய்து பார்த்ததுதான் இது. 2007-இல் ‘லிக்விட் றோபோட்டிக்ஸ்’ என்ற கம்பனி தொடங்கியது. 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து நான்கு மிதவைகளைப் பசிபிக்கில் விட்டார்கள். அதில் ஒன்று ஒரு வருடம் கழித்து, 2012 நவம்பரில், சுமார் 9,000 கடல்மைல் தாண்டி அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒருவரும் ஏறவில்லை, ஒரு லீற்றர் எண்ணெய் ஊற்றவில்லை.

அந்த மிதவையின் பெயர் ‘பாப்பா மாவ்’. மாவ் பியாய்லுக் என்பவர் மைக்ரோனேசியத் தீவு ஒன்றின் கடலோடி. 1976-இல் ஹவாயில் இருந்து தாஹிற்றிக்கு, திசைகாட்டி கூட இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையின் போக்கையும் பார்த்துப் பாய்மரப் படகை நடத்திக்கொண்டு போனவர். எங்கள் ஐயாவும் படகின் அடியில் முட்டுகிற அலையை வைத்தே காற்று மாறப்போகுது என்று சொல்லுவார். அவரின் பெயரை ஒரு மிதவைக்கும் வைக்க மாட்டார்கள், அது வேறு கதை.

ஒரு சின்னத் தகவல், லாச்சப்பலுக்கு வருகிறவர்களுக்காக. லாச்சப்பலுக்கு அடுத்த மெற்றோ ஸ்டாலின்கிராட். இறங்கினால் வில்லெத் நீர்த்தேக்கம். வெயில் காலத்தில் எங்கள் பிள்ளைகள் போய் இருக்கிற இடம்தான். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த ஊர்க் கால்வாய் வேலையை நடத்திய பியேர்-சிமோன் ஜிறார் என்ற பொறியியலாளர், 1799-இல் தன் மகனோடு சேர்ந்து பாரிசில் ஒரு காப்புரிமை எடுத்தார். அலையில் ஏறி இறங்குகிற பெரிய கப்பலின் பாரத்தை ஒரு நெம்புகோலில் பூட்டி, அரவை ஆலையும் மரம் அறுக்கிற வாளும் ஓட்டலாம் என்பது யோசனை. அலையில் இருந்து சக்தி எடுப்பதற்கு அறியப்பட்ட முதல் காப்புரிமை அது. இத்தனை வருடம் அந்தக் கரையில் நடந்திருக்கிறேன், மகள் சொல்லித்தான் தெரியும்.

சரி, எங்கள் கடலுக்கு வருவோம்.

வங்காள விரிகுடா மற்றக் கடல்கள் மாதிரி இல்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் எல்லாம் அதில்தான் கொட்டுகின்றன. மழைக்காலம் முடிய, உப்புக் குறைந்த மெல்லிய தண்ணீர்ப் படை ஒன்று மேலே பரவிக் கிடக்கும். பாரம் குறைந்த தண்ணீர் என்பதால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீரோடு லேசில் கலக்காது. புயல் வரும்போது சாதாரணமாகக் கடலைக் கலக்கி, அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவரும். அந்தக் குளிரே புயலின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும். இங்கே மேல்படை மூடிபோலக் கிடப்பதால் குளிர்ந்த தண்ணீர் மேலே வரச் சுணங்கும். புயல் சூட்டைக் குடித்துக்கொண்டே வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் எங்கள் அம்மாக்கள் வானத்தைப் பார்த்துப் பயந்ததற்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. 1964-இல் தனுஷ்கோடி, 1978-இல் மட்டக்களப்பு, 2025 நவம்பரில் டிட்வா. டிட்வாவில் மட்டும் இலங்கையில் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

இந்த மேல்படை எவ்வளவு தடிப்பு, அடியில் எவ்வளவு சூடு என்பதைச் செயற்கைக்கோள் காணாது. அது கடலின் தோலை மட்டும்தான் பார்க்கும். உள்ளே இறங்கி அளக்க ஏதாவது வேண்டும். 2010-களின் நடுவில் அமெரிக்க, இந்திய, இலங்கை விஞ்ஞானிகள் சேர்ந்து வங்காள விரிகுடாவில் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தார்கள். இலங்கைப் பக்கம் நாரா நிறுவனம் இருந்தது. அதில் பாவித்த கருவிகளில் ஒன்று ‘வயர்வோக்கர்’. ஒரு மிதவையில் இருந்து நீளமான கம்பி தொங்கும். அலை ஆட்ட ஆட்ட, கருவி ஒன்று அந்தக் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கும். அடிக்குப் போனதும் பிடி விட்டு, தானாக மிதந்து மேலே வரும். ஏறி இறங்கும் நேரம் எல்லாம் சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டே இருக்கும். இதற்கும் அலைதான் கூலி. கப்பலில் இருந்து கயிறு விட்டு அளந்தால் ஒரு நாளில் சில தரம்தான் முடியும். இது இரவு பகல் நிற்காது.

2012-இல் அமெரிக்காவைச் சாண்டி சூறாவளி அடித்தபோது ஒரு வேவ் கிளைடர் நியூ ஜேர்சிக்கு வெளியே அதற்குள் நின்று தகவல் அனுப்பியது. கப்பல்கள் விலகி ஓடுகிற நேரத்திலும் நிற்கக்கூடியது இது.

நங்கூரமிட்ட மிதவைகள் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. சென்னையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் இருந்து வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் மிதவைகள் போட்டு வருகிறது. 2004-க்குப் பிறகு கடலடியில் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கிற சுனாமி மிதவைகளும் வந்தன. 2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கியது. ஆனால் ஒரு மிதவை பழுதானால் கப்பல் எடுத்துக்கொண்டு போக வேண்டும், நாள்கணக்கில் செலவு. அதோடு இன்னொரு கரைச்சல், சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். மிதவைகளில் கனக்கப் பழுதாவது மீனவர்களால்தான். கீழே மீன் கூடுவதால் படகைக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள், வலை சிக்குகிறது, சில இடத்தில் சோலாரும் பற்றரியும் காணாமல் போகிறது. அண்ணையின் குரல்பதிவில் சோலார் பற்றிச் சொன்னதைக் கேட்டீர்கள்தானே.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மிதவையால் அவருக்கு என்ன கிடைத்தது? ஒரு நாளாவது அது சொன்ன சேதி அவர் காதுக்குத் தமிழில் வந்ததா? வந்திருந்தால் அதை உடைக்க மனம் வருமா? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். கருவிகள் திறமானவை, இன்னும் திறமாகும். கடலில் இருந்து செயற்கைக்கோளுக்குப் போகிற சேதி நொடியில் போகிறது. செயற்கைக்கோளில் இருந்து வாடிக்கு வரும் வழியில்தான் அது தொலைகிறது. டிட்வா நேரம் அண்ணையின் போனுக்கு ஓர் எச்சரிக்கை வேறு மொழியில் முதலில் வந்தது. தமிழில் வரும்போது அவர் ஏற்கெனவே படகை இழுத்து மேலே போட்டிருந்தார். கடலின் நிறத்தைப் பார்த்தே போட்டுவிட்டாராம்.

2004 டிசம்பர் 26-ஐ எடுங்கள். சுமாத்திராவுக்கு வெளியே நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் கடல் எங்கள் கிழக்குக் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல். எங்கள் சின்னம்மாவும் அவவின் இரண்டு பிள்ளைகளும் அதற்குள். பாரிசில் அப்போது விடிய நாலு மணி. நான் நத்தார் இரவு றெஸ்ரோறன்ற் வேலை முடித்து வந்த களையில் நித்திரை. எழும்பித் தொலைக்காட்சியைப் போட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அதே காலை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்தது வேறு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கரைக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று தங்கை சொல்ல, எல்லாரையும் ஓடச் சொல் என்றார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி இருந்தது. மற்ற நாளில் அதில் போவது அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்கிற சேதிதான். அந்தத் திட்டத்தில் பக்கத்து வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் வாசித்து வந்தார்கள். அன்றைக்கு நல்லவாட்டில் அந்த ஒலிபெருக்கியில் ஓடுங்கள் என்று சொன்னார்கள். 3,000 பேருக்கு மேல் இருந்த ஊர் தப்பியது.

மிதவை இல்லாத கடலில், வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழனின் தொலைபேசி மிதவையாக இருந்தது. ஆனால் இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த ஒலிபெருக்கியை. அது அன்றைக்குப் புதிதாக வைத்தது இல்லை. தினமும் பேசிப் பழகியது. அதனால்தான் ஊர் நம்பியது.

உளவு பற்றிய கதையையும் தள்ளிவிட முடியாது. வேவ் கிளைடர் செய்யும் கம்பனியை 2016 டிசம்பரில் போயிங் வாங்கியது. திமிங்கிலப் பாட்டைக் கேட்கிற காது நீர்மூழ்கியையும் கேட்கும். அதே மாதம் தென்சீனக் கடலில் அமெரிக்காவின் நீரடி ஆய்வு றோபோ ஒன்றைச் சீனக் கடற்படை தூக்கிக்கொண்டு போய்ப் பிறகு திருப்பிக் கொடுத்தது. 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டில்லி கொதித்தது. 2023-இல் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. 2024 ஜனவரியில் இருந்து ஒரு வருடத்துக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களே வேண்டாம் என்று இலங்கை நிறுத்திவைத்தது. நான் மேலே சொன்ன வங்காள விரிகுடா ஆய்வுக்கும் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிப் பிரிவுதான் பெருமளவு காசு கொடுத்தது. ஆக, கரையில் நின்று சந்தேகப்படுகிற ஊர்ச்சனம் முட்டாள்கள் இல்லை. எல்லாரும் எங்கள் கடலை அளக்கிறார்கள். அளந்தவன் பெயர் மட்டும் மாறுகிறது.

ஆனாலும் எல்லாக் கதவும் பூட்டி இல்லை. ஆர்கோ என்ற உலகத் திட்டத்தில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் கடல் முழுக்க 2,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி ஏறுகின்றன. அவற்றின் தகவலைச் சேர்க்கும் இரண்டு உலக மையங்களில் ஒன்று பிரெஸ்ற்றில்தான் இருக்கிறது. எவரும் இலவசமாக எடுக்கலாம். துலூஸ் நகரத்தில் இருந்து கொப்பர்னிக்கஸ் கடல் சேவை அலை உயரம், நீரோட்டம், கடல் சூடு எல்லாவற்றையும் நாளாந்தம் முன்கூட்டிக் கணித்து வெளியிடுகிறது. முல்லைத்தீவுக்கு வெளியேயும் அதில் பார்க்கலாம். அது ஐரோப்பிய வரிப்பணம். முப்பது வருடமாக நானும் கட்டுகிற வரி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் ஊர்ச் சங்கங்கள் இங்கே வருடத்துக்கு எத்தனை ஒன்றுகூடல், எத்தனை விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு அனுப்புகிறோம், நல்லது. கரையோர ஊர்களுக்கு ஓர் ஒலிபெருக்கியும், தினமும் தமிழில் கடல் நிலவரம் வாசிக்க ஒரு பிள்ளைக்குச் சின்னச் சம்பளமும் கொடுப்பது அதைவிடப் பெரிய செலவா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். றோபோ மிதவையை நாங்கள் வாங்கத் தேவையில்லை. அது சொல்வதைத் தமிழில் கேட்க வைத்தால், அடுத்தமுறை ஒரு மிதவை கரையொதுங்கும்போது அதைப் பிரிக்க வருகிறவனைத் தடுக்கிறவன் மீனவனாகவே இருப்பான்.

அரசாங்கத்தின் எச்சரிக்கைக்கு இது மாற்று இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். புயல் என்றால் கடலுக்குப் போகாதே என்று அதிகாரிகள் சொன்னால் போகக்கூடாது. நான் சொல்வது மற்ற நாட்களைப் பற்றி.

மகள் இப்போது பாரிஸ் நேரம் பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு குரல்பதிவு அனுப்புகிறாள். முதலில் தயங்கினாள், தன் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று. “பெரியப்பா, நாளைக்கு விடிய அலை ஒண்டரை மீற்றர். காற்று தெற்கால. மத்தியானத்துக்குப் பிறகு கூடும்.” அவ்வளவுதான். அண்ணை அதைத் தன் வாடிக்காரர் குழுவுக்குத் தள்ளிவிடுகிறார். ‘தெற்கால’ என்பதற்குச் ‘சோளகம்’ என்று சொல்லவேணும் என்று ஒருவர் திருத்தினாராம். இப்போது சோளகம் என்றுதான் சொல்கிறாள்.

அந்த உருண்டை மிதவையை என்ன செய்தீர்கள் என்று போன கிழமை கேட்டேன். இலக்கத்தை எழுதி மீன்பிடிச் சங்கத்தில் கொடுத்தாராம், ஒருவரும் கேட்டு வரவில்லையாம், வாடி முகட்டில் ஒரு பல்ப் எரிகிறதாம். மகளுக்கும் ஒரு சேதி வைத்திருந்தார்.

“பிள்ளை, நீ ஒண்டரை மீற்றர் எண்டாய். இண்டைக்கு ரெண்டுக்குக் கிட்ட அடிச்சது. அவையளுக்கும் எழுதிப் போடு.”